பனிப்புயலில் ஒரு கைக்கேமரா

நகரத் தெருவின் குளிர்காலத்தைக் கலைப்படமாக்கிக் காட்டிய முன்னோடிகளில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ். 1864இல் ஹோபோக்கனில் பிறந்தவர். பெர்லினில் ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகலிடம் ஒளிப்பட வேதியியல் பயின்று, 1890இல் நியூயார்க் திரும்பினார். அன்று கலைப்படம் என்றால் பெரும்பாலும் கிராமம், கடற்கரை, மூடுபனி கவிந்த வயல்வெளி. சேறும் சாணமும் மண்டிய நகரத் தெருவை யார் கலை என்பார்கள்? கையில் பிடித்து எடுக்கும் சிறிய கேமராவுக்கும் மதிப்பில்லை. அது பொழுதுபோக்குக்காரர்களின் விளையாட்டுச் சாமான். ட்ரைபாடு இல்லாமல் நல்ல படம் வராது என்று ஸ்டீக்லிட்ஸும் ஒரு காலத்தில் எண்ணியவர்தான்.

பனி கொட்டும்போது வெளிச்சம் மங்கிவிடும். ஷட்டரைக் கூடுதல் நேரம் திறந்து வைத்தால் ஓடுகிற குதிரை கலங்கிப்போகும். சட்டென்று மூடினால் தகட்டில் ஒன்றும் தேறாது. லென்ஸில் பனி படியும், விரல்கள் மரத்துவிடும். ஆனாலும் பனி ஓர் உதவி செய்தது. குப்பை கூளம், சேறு, தெருவோரத்து அடைசல் எல்லாவற்றையும் வெள்ளையாகப் போர்த்தி மறைத்தது. எஞ்சியவை, கருமையாகத் துலங்கும் வண்டியும் ஆளும் மட்டுமே.

1893 பிப்ரவரி 22 அன்று கடும் பனிப்புயல். ஃபிஃப்த் அவென்யூவும் 35ஆம் தெருவும் கூடும் முனையில், இரவல் வாங்கிய கைக்கேமராவோடு ஸ்டீக்லிட்ஸ் மூன்று மணி நேரம் காத்து நின்றார். குதிரைகள் இழுத்த வண்டியொன்று பனியைப் பிளந்துகொண்டு எதிரே வந்தது. ஓட்டுபவரின் சாட்டை மேலே உயர்ந்திருந்தது. அந்தக் கணத்தில் எடுத்ததுதான் 'குளிர்காலம், ஃபிஃப்த் அவென்யூ'. நெகட்டிவைப் பார்த்த சக கலைஞர்கள், தெளிவில்லை, தூக்கி எறியலாம் என்றார்கள். அவரோ அதில் ஒரு பகுதியை மட்டும் வெட்டி எடுத்து அச்சிட்டார். இரு பக்கமும் நறுக்கப்பட்டதும், சக்கரத் தடங்கள் பார்வையை நேரே வண்டியிடம் இழுத்துச் செல்லும் நெட்டுப்படம் கிடைத்தது. பொறுமைக்குச் சான்றாகவே இப்படத்தைப் பலரும் புகழ்வார்கள். கத்தரிக்கோலுக்கும் பாதிப் புகழ் சேர வேண்டும். ஸ்டீக்லிட்ஸ் இதை மறைக்கவில்லை. கைக்கேமரா பற்றி 1897இல் எழுதிய கட்டுரையில், காத்திருப்பதையும் தேவையான பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வதையும் தம் முறையாகவே விளக்கினார்.

அதே 1893இல் எடுத்த 'டெர்மினல்' ஃபிஃப்த் அவென்யூ படத்தைவிட ஆழமானது. பழைய ஆஸ்டர் ஹவுஸ் ஹோட்டல் அருகே குதிரை டிராம்கள் திரும்பும் இடம். ஓடிக் களைத்த குதிரைகளின் உடம்பிலிருந்து குளிர்காற்றில் ஆவி எழுகிறது. நீண்ட கோட்டு அணிந்த ஓட்டுநர் முதுகைக் காட்டியபடி குதிரைகளைக் கவனிக்கிறார். காலடியில் வெண்பனி இல்லை; மிதிபட்டுக் கறுத்த பனிச்சேறு. ஃபிஃப்த் அவென்யூ படத்தில் புயலின் வீரியம் தெரிகிறது. இங்கே தெரிவது ஒரு நாள் கூலிக்கான உழைப்பு. தெருவை அழகுபடுத்தாமலே அழகு காண முடியும் என்பதற்கு இந்தப் படமே போதும்.

1898இல் நிமோனியாவிலிருந்து முழுதும் தேறாத நிலையிலேயே இரவில் வெளியே போய் 'பனியுறைந்த இரவு' படத்தை எடுத்தார். விளக்கொளியில் உறைந்த பாதையும் மரங்களும் மட்டுமே அதில் உண்டு.

நியூயார்க்கில் 1902இல் கட்டி முடிந்த ஃபிளாட்அயர்ன் கட்டடத்தை அடுத்த குளிர்காலத்தில் பனிக்கிடையே எடுத்தார். 1904இல் இன்னொரு ஒளிப்படக் கலைஞரான எட்வர்ட் ஸ்டைகன் அதே கட்டடத்தை அந்திநேரத்தில் எடுத்து, அச்சின் மேல் நிறம் ஏற்றினார். அது ஓவியத்தோடு போட்டியிடும் வேலை. ஸ்டீக்லிட்ஸின் படத்தில் கிளைவிட்ட ஒரு மரம் முன்னே கருமையாக நிற்கிறது. கட்டடம் பனிக்குப் பின்னால் வெளிறிக் கிடக்கிறது. கேமராவும் வானிலையும் தந்ததற்கு மேல் அவர் அதில் எதையும் பூசவில்லை.