மக்குப் பிள்ளையா? மக்குப் பள்ளியா?

(பகுத்தறிவாளர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



கல்வியைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். நான் கலாசாலைப் படியேறிப் பட்டம் வாங்கினவனல்ல. ஆனாலும் படித்தவனுக்குக் கல்வியைப் பற்றிப் பேச எவ்வளவு உரிமையுண்டோ, அவ்வளவு உரிமை படிக்க முடியாமல் போனவனுக்கும் உண்டென்பது என் அபிப்பிராயம். பந்தியைப் பற்றிச் சாப்பிட்டவனை மட்டும் கேட்டால் போதாது. இலை கிடைக்காமல் திரும்பினவனையும் கேட்க வேண்டும்.

ஒரு பிள்ளைக்குப் படிப்பு வரவில்லையென்றால் நாம் என்ன சொல்லுகிறோம்? தகப்பனார் "தலையெழுத்து" என்கிறார். பாட்டி "சரஸ்வதி கடாட்சம் இல்லை" என்கிறாள். உபாத்தியாயர் "மண்டையில் களிமண்" என்கிறார். மூன்றுக்கும் அர்த்தம் ஒன்றுதான். குற்றம் பிள்ளையுடையது, சொல்லிக் கொடுத்தவருடையதல்ல என்பதே அது. ஒரு வைத்தியர், தம்மிடம் வந்தவர்களில் பாதிப் பேருக்கு நோய் தீராமற் போனபின், "இவர்கள் மக்கு நோயாளிகள்" என்று சொன்னால் ஒப்புக் கொள்வோமா? பள்ளிக்கூடம் சொன்னால் மட்டும் ஏன் ஒப்புக் கொள்ளுகிறோம்?

காரணம் இருக்கிறது, தோழர்களே! சாஸ்திரங்கள் சூத்திரன் வேதத்தைக் காதால் கேட்கவும் கூடாதென்றன. பெண்ணுக்கும் அதே கதிதான். "படிக்கக் கூடாது" என்ற உத்தரவு சட்டத்தின் முன் செல்லாமற் போனதும், "படிப்பு வராது" என்று மாற்றிச் சொல்ல ஆரம்பித்தார்கள். வார்த்தைதான் மாறிற்று, காரியம் மாறவில்லை.

டாக்டர் அம்பேத்கர் சிறு வயதில் வகுப்பில் தனியே ஒரு கோணியின் மேல் உட்கார வைக்கப்பட்டார். பள்ளிக்கூடத்துத் தண்ணீர்க் குழாயைத் தொடவும் அவருக்கு உரிமையில்லை. அந்தப் பிள்ளைதான் பின்னால் கொலம்பியா, இலண்டன் ஆகிய இரண்டு சர்வகலாசாலைகளில் டாக்டர் பட்டம் பெற்றது. கோணியில் உட்கார்ந்த பிள்ளை மக்கா? உட்கார வைத்த பள்ளி மக்கா?

நம் நாட்டிலும் 1924-25-இல், பொதுமக்கள் பணத்தில் நடந்த சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி வைத்தார்கள். பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் அதை எதிர்த்துக் கிளர்ச்சி செய்தார்கள். 1953-இல் அரை நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் தகப்பன் தொழில் என்று திட்டம் வந்தது. எதிர்ப்பினால் 1954-இல் ஒழிந்தது. இவையெல்லாம் வாசலைத் திறப்பதற்காக நடந்த சண்டைகள்.

வாசலைத் திறந்தால் போதுமா? வயிறு காய்ந்த பிள்ளைக்குப் பாடம் ஏறுமா? 1920-இல் ஜஸ்டிஸ் கட்சியார் சென்னை ஆயிரம் விளக்குப் பள்ளியில் பகலுணவு போட்டார்கள். 1956-இல் காமராசர் அதை மாகாணமெங்கும் கொண்டு போனார். 1982-இல் சத்துணவு வந்தது. 2022-இல் காலை உணவு வந்தது. சரஸ்வதி பூஜை எத்தனையோ தலைமுறையாக நடக்கிறது. ஏழைப் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்து வந்தது பூஜையா, சோறா என்று நீங்களே சொல்லுங்கள்.

இப்போது வகுப்புக்குள்ளே வாருங்கள். நாற்பது பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒருவன் வீட்டில் அலமாரி நிறையப் புத்தகம். ஒருத்தி வீட்டில் எழுத்தென்றால் ரேஷன் அட்டையிலிருப்பதுதான். உபாத்தியாயர் முன் பெஞ்சைப் பார்த்து ஒரே பாடத்தை ஒரே வேகத்தில் நடத்துகிறார். வீட்டிலேயே பாதி கற்று வந்தவன் கெட்டிக்காரனாகிறான். பள்ளியை மட்டும் நம்பி வந்தவள் மக்காகிறாள். இதில் பள்ளி கற்றுக் கொடுத்தது என்ன?

இதற்கு மாற்று இல்லாமலில்லை. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கிப் பின்னர் மாகாணமெங்கும் பரவிற்று. கரும்பலகையைப் பிள்ளையின் கைக்கெட்டும் உயரத்துக்கு இறக்கினார்கள். உபாத்தியாயர் பாயில் பிள்ளைகளோடு உட்கார்ந்தார். பாடத்தை ஏணிப்படிபோல அட்டைகளாக்கி, அவரவர் நிற்கும் படியிலிருந்து ஏறச் சொன்னார்கள். 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் ஜூன் மாதத்தில் அரும்பென்று எழுதிய பிள்ளை ஏப்ரலிலும் அரும்பாகவே இருக்குமானால், அதற்குப் பெயர் திட்டமல்ல, புது ஜாதி!

மேல் வகுப்பில் நடப்பது இன்னும் மோசம். மார்க்கைப் பார்த்துப் பிள்ளைகளை "ஏ" பிரிவு, "சி" பிரிவு என்று பிரிக்கிறார்கள். நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று பலகை வைப்பதற்காக, தேற மாட்டானென்று தோன்றுகிறவனுக்கு ஒன்பதாம் வகுப்பிலேயே டி.சி. கொடுத்தனுப்பும் பள்ளிகளும் உண்டு. கலாசாலையிலோ, தமிழில் படித்து வந்த பிள்ளைக்கு இங்கிலீஷில் குறிப்புச் சொல்லி எழுத வைத்து, அதற்குப் போதனை என்று பெயரிடுகிறார்கள்.

உடற்குறையுள்ள பிள்ளைகளை மற்றவர்களோடு சேர்த்தே படிக்க வைக்க வேண்டுமென்று 2016-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்லுகிறது. காது மந்தமான பிள்ளைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசினால் என்ன விளங்கும்? முகத்தைக் காட்டிப் பேசச் சர்க்கார் பணம் ஒதுக்க வேண்டுமா?

"மெதுவாகப் படிப்பவனைக் கவனித்தால் கெட்டிக்காரன் கெட்டுப் போவானே" என்பார்கள். தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்லிக் கொடுத்துப் பார்க்கட்டும். தனக்கு எவ்வளவு தெரியும் என்பது அப்போதுதான் அவனுக்கே தெரியும்.

தாய்மார்களே! "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரியுங்கள்" என்று இனிச் சொல்லாதீர்கள். பிள்ளையை அடிப்பதை 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் தடுத்துவிட்டது. அதே சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். அந்த நாற்காலியில் போய் உட்காருங்கள். "என் பிள்ளை எத்தனையாவது ராங்க்?" என்று கேட்காதீர்கள். "என் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது? அடுத்த படிக்கு ஏற்ற நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேளுங்கள். இந்தக் கேள்வியை உபாத்தியாயரை அவமதிக்கக் கேட்க வேண்டாம். அவருக்குப் போதிய ஆளும் நேரமும் இல்லையென்றால், அவரோடு சேர்ந்து சர்க்காரைக் கேளுங்கள்.

தலையில் எவனும் எழுதவில்லை. எழுத வேண்டியது பலகையில். அதுவும் பிள்ளையின் கைக்கெட்டும் உயரத்தில்.