அச்சத்தை ஒற்றுமையாக மாற்றுவோம்

(2020 மே மாத இறுதியில், கட்சி உறுப்பினர்களுக்கான இணையவழி அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கி இரண்டு மாதங்கள் கடந்துவிட்டன. மார்ச் 24 அன்று இரவு பிரதமர் ஊரடங்கை அறிவித்தபோது, நாட்டில் உறுதி செய்யப்பட்ட கொரோனா தொற்றுகள் சுமார் 500. மே 19 அன்று அந்த எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது. ஒவ்வொரு நாளும் உயரும் இந்த எண்ணிக்கையைக் கேட்கும் மக்கள் என்ன செய்கிறார்கள், ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்பதே இன்றைய வகுப்பின் பொருள்.

ஆளும் வர்க்க ஊடகங்களிடம் இதற்கு ஆயத்தமான விடை ஒன்று இருக்கிறது. மக்களுக்கு ஒழுங்கில்லை, அறியாமையில் மூழ்கியவர்கள், தடியெடுத்தால்தான் வழிக்கு வருவார்கள் என்பதே அந்த விடை. நம்மைச் சுற்றியுள்ள நடுத்தர வர்க்க நண்பர்கள் பலரும் இதையே திரும்பச் சொல்கிறார்கள். இந்த விளக்கம் தவறானது, அதோடு ஆபத்தானதும்கூட. அது அரசைக் குற்றக் கூண்டிலிருந்து இறக்கிவிட்டு, மக்களை அங்கே ஏற்றுகிறது. மக்களின் எதிர்வினை வானத்திலிருந்து விழுவதில்லை. கையில் இருக்கும் காசு, வீட்டில் இருக்கும் அரிசி, காதில் விழும் செய்தி, அரசின்மீது இருக்கும் நம்பிக்கை ஆகியவற்றிலிருந்தே அது பிறக்கிறது.

தட்டு ஒலியும் வாடகை வீடும்

இந்தியாவின் முதல் தொற்று ஜனவரி 30 அன்று கேரளத்தில் உறுதி செய்யப்பட்டது. அதே நாளில்தான் உலக சுகாதார நிறுவனம் சர்வதேச அளவிலான பொது சுகாதார அவசர நிலையை அறிவித்தது. அதற்கு முந்தைய நாள், நமது ஆயுஷ் அமைச்சகம் நோய்த்தடுப்புக்கு ஒரு ஹோமியோபதி மருந்தைப் பரிந்துரைத்துக் கொண்டிருந்தது. மார்ச் நடுவில் தலைநகர் தில்லியிலேயே கொரோனாவை விரட்டக் கோமிய விருந்து நடந்தது. மார்ச் 13 அன்று மத்திய சுகாதார அமைச்சகத்தின் அதிகாரி, இது சுகாதார அவசர நிலை அல்ல என்று செய்தியாளர்களிடம் கூறினார். பதினொரு நாள் கழித்து, 130 கோடி மக்களைக் கொண்ட நாடு நான்கு மணி நேர அவகாசத்தில் பூட்டப்பட்டது. கவலை வேண்டாம் என்று கூறிய அதே அரசு மறுவாரமே கதவை அடைக்கச் சொன்னால் மக்கள் எதை நம்புவார்கள்? அன்றிரவு கடைகளின் முன்னே முண்டியடித்த கூட்டத்தை அறிவற்ற கூட்டம் என்று ஏசியவர்கள், இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை.

மார்ச் 22 அன்று மாலை, மருத்துவப் பணியாளர்களுக்கு நன்றி கூறும் வகையில் மக்கள் தட்டுகளைத் தட்டினார்கள். அதில் உண்மையான நன்றியுணர்வும் இருந்தது. அதை நாம் எள்ளி நகையாடத் தேவையில்லை. ஆனால் இரண்டே நாட்களில், தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் உறைவிட மருத்துவர் சங்கம் உள்துறை அமைச்சருக்குக் கடிதம் எழுத நேர்ந்தது. தொற்று பரவிவிடும் என்று அஞ்சி, மருத்துவர்களையும் செவிலியர்களையும் வாடகை வீடுகளிலிருந்து வெளியேறச் சொல்கிறார்கள் என்பதே அக்கடிதத்தின் சாரம். தட்டு தட்டிய கையும் வீட்டைப் பூட்டிய கையும் ஒரே கையாக இருந்திருக்கலாம். மக்களுக்கு ஒரு சடங்கு கற்பிக்கப்பட்டது. நோய் எப்படிப் பரவுகிறது, எப்படிப் பரவுவதில்லை என்ற அறிவு கற்பிக்கப்படவில்லை.

இதன் மிகக் கொடிய வடிவத்தை ஏப்ரலில் கண்டோம். ஷில்லாங்கில் தொற்றால் இறந்த மூத்த மருத்துவர் ஒருவரின் இறுதிச் சடங்கு, எதிர்ப்பின் காரணமாகத் தாமதமானது. சென்னையில் நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யச் சென்ற ஆம்புலன்ஸ் கல்லடிபட்டது. சக மருத்துவர் ஒருவரே நள்ளிரவில் மண்ணைத் தள்ளிக் குழியை மூட வேண்டியதாயிற்று. உரிய முறையில் புதைக்கப்படும் உடலிலிருந்து அக்கம்பக்கத்து வீடுகளுக்கு நோய் பரவாது என்ற எளிய உண்மையை, அந்தத் தெருவுக்கு யாரும் முன்கூட்டியே சென்று சொல்லியிருக்கவில்லை. கல்லெறிந்தது குற்றம்தான், அதில் ஐயமில்லை. அந்தக் கல் கைக்கு வருவதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை ஒன்று இருந்தது என்பதே நாம் கற்க வேண்டியது.

கட்டளைக்குக் கீழ்ப்படிய ஒரு வீடு வேண்டும்

வீட்டில் இருங்கள், கைகளைக் கழுவுங்கள், இடைவெளி காத்திடுங்கள் என்ற அறிவுரைகள் அறிவியல்பூர்வமானவை. ஆனால் அவற்றைக் கடைப்பிடிக்க வீடும், தண்ணீரும், இடமும் வேண்டும். தமிழ் உழைப்பாளிகள் பல தலைமுறைகளாக வாழும் மும்பை தாராவியை எண்ணிப் பாருங்கள். இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த பரப்பில் பல லட்சம் பேர் வாழ்கிறார்கள். ஓர் அறைக்குள் ஒரு குடும்பம். பல குடும்பங்களுக்கு ஒரு பொதுக் கழிப்பறை. ஏப்ரல் 1 அன்று அங்கே முதல் தொற்று உறுதியானது. பகலில் சந்தில் வந்து நிற்பவரைப் பார்த்து ஒழுங்கு மீறல் என்று தொலைக்காட்சி சொல்கிறது. அந்த அறைக்குள் எட்டுப் பேரால் எப்படி இடைவெளி காக்க முடியும் என்று அது கேட்பதில்லை.

புலம்பெயர் தொழிலாளர்களின் நெடும்பயணத்தையும் இந்தக் கோணத்திலேயே காண வேண்டும். கூலி நின்றது, வாடகை நிற்கவில்லை. ரேஷன் அட்டை சொந்த ஊரில் இருக்கிறது. இந்த நிலையில் ஊருக்கு நடப்பது அறியாமை அல்ல; அவர்களுக்கு எஞ்சியிருந்த ஒரே பகுத்தறிவான முடிவு அதுதான். மார்ச் இறுதியில் தில்லி ஆனந்த் விஹார் பேருந்து நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். உத்தரப்பிரதேசத்தின் பரேலியில், ஊர் திரும்பிய தொழிலாளர்களைச் சாலையில் உட்காரவைத்து, குழந்தைகள் உட்பட எல்லோர்மீதும் கிருமிநாசினியைப் பீய்ச்சியடித்தார்கள். மார்ச் 31 அன்று, சாலையில் யாருமே நடக்கவில்லை என்று மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் கூறியது. ஊரடங்கு நீடிக்கும் என்ற பொய்ச் செய்தியே பீதிக்குக் காரணம் என்ற வாதத்தை நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. பின்னர் நடந்தது என்ன? ஊரடங்கு மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது. தொழிலாளியின் கணிப்பே சரியாக இருந்தது.

மே 8 அன்று, மகாராஷ்டிரத்தின் ஔரங்காபாத் அருகே, ஜால்னாவின் இரும்பு ஆலையில் வேலை செய்த மத்தியப்பிரதேசத் தொழிலாளர்கள் 16 பேர், தண்டவாளத்தில் அயர்ந்து உறங்கியபோது சரக்கு ரயில் ஏறி மாண்டார்கள். அவர்கள் கட்டி எடுத்துவந்த ரொட்டிகள் தண்டவாளத்தில் சிதறிக் கிடந்தன. அதே நேரத்தில் இந்திய உணவுக் கழகத்தின் கையிருப்பில் 7 கோடி டன்னுக்கும் மேற்பட்ட தானியம் இருந்தது. தோழர்களே, ஒரு நாட்டின் கிடங்கும் அந்த நாட்டின் தண்டவாளமும் இப்படி எதிரெதிராக நிற்பதற்கு எந்த வைரஸும் காரணமல்ல.

வெறுப்பு தானாக முளைக்கவில்லை

அச்சம் கொண்ட மனிதர் காரணம் தேடுகிறார். சரியான காரணத்தை நாம் சொல்லாவிட்டால், தவறான காரணத்தை வேறொருவர் சொல்லிவிடுவார். முதலில் வடகிழக்கு மாநில மக்கள் தோற்றத்துக்காக நகரங்களில் இழிவுபடுத்தப்பட்டார்கள். அடுத்து, தில்லி நிஜாமுதீனில் நடந்த தப்லீக் ஜமாத் கூட்டம் வகுப்புவாதிகளின் கையில் ஆயுதமாயிற்று. அந்தக் கூட்டத்தின் வழியே தொற்று பரவியது உண்மை. ஆனால் அரசின் அன்றாடச் செய்தியாளர் சந்திப்புகளிலேயே அந்த எண்ணிக்கை தனியாகப் பிரித்துச் சொல்லப்பட்டபோது, ஒரு நோய்க்கு மதம் பூசப்பட்டது. இஸ்லாமியக் காய்கறி வியாபாரிகளைத் தெருவுக்குள் விட மறுத்தார்கள். எந்தச் சமூகத்தையும் பழிக்க வேண்டாம் என்று சுகாதார அமைச்சகம் அறிவுரை வெளியிட்டது ஏப்ரல் 8 அன்று. நோய்க்குச் சாதி மதம் கிடையாது என்று பிரதமர் கூறியது ஏப்ரல் 19 அன்று. அதற்குள் நஞ்சு வீடுவீடாகப் போய்ச் சேர்ந்திருந்தது. ஏப்ரல் 14 அன்று மும்பை பாந்த்ராவில், ஊருக்குப் போக ரயில் கேட்டுத் திரண்ட தொழிலாளர்களைக் காட்டிய சில தொலைக்காட்சிகள், அருகிலிருந்த மசூதியைத்தான் சுட்டின.

வெறுப்பு அரசியல் நோய்த்தடுப்பையே முறிக்கிறது என்பதற்குப் பெங்களூரில் சான்று உண்டு. வீடுவீடாக விவரம் சேகரிக்கச் சென்ற ஆஷா ஊழியரைச் சிலர் தாக்கினார்கள். குடியுரிமைப் பதிவேட்டுக்கான கணக்கெடுப்பு என்ற சந்தேகமே அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. உன் குடியுரிமையை நிரூபி என்று சில மாதங்களுக்கு முன் மிரட்டிய அரசு, இன்று உன் காய்ச்சலைச் சொல் என்கிறது. பயந்தவர் மறைக்கிறார், மறைத்தால் நோய் பரவுகிறது. அந்தத் தாக்குதலுக்கு இலக்கான ஆஷா ஊழியரும் உழைக்கும் பெண்தான். நிரந்தர ஊதியமின்றி, போதிய பாதுகாப்புக் கவசமின்றி, மாதம் 1,000 ரூபாய் கூடுதல் ஊக்கத்தொகைக்கு அவர் அனுப்பப்பட்டார். இரு தரப்பிலும் நிற்பவர்கள் ஏழைகளே.

1897 கற்பித்த பாடம்

இது புதிதல்ல. 1896இல் பம்பாயில் பிளேக் பரவியபோது, ஏறத்தாழ எட்டரை லட்சம் பேர் வாழ்ந்த நகரிலிருந்து பாதிக்கு நெருக்கமானோர் சில மாதங்களில் வெளியேறினார்கள். ஆலைத் தொழிலாளர்கள் ஆர்தர் சாலை மருத்துவமனையைத் தாக்கினார்கள். அங்கே கொண்டுசெல்லப்படுபவர் திரும்புவதில்லை என்று அவர்கள் அஞ்சினார்கள். பிரிட்டிஷ் அரசு 1897இல் தொற்றுநோய்கள் சட்டத்தை இயற்றியது. புனேயில் ராணுவத்தினர் வீடுகளுக்குள் புகுந்து சோதனையிட்டார்கள். மக்களின் கோபம் பிளேக் ஆணையர் ராண்ட் சுடப்படுவதில் போய் முடிந்தது. 2020இல் நமது அரசு தூசி தட்டி எடுத்தது அதே 1897ஆம் ஆண்டுச் சட்டத்தைத்தான்.

அதே புனேயில், அதே ஆண்டில், வேறொரு எதிர்வினையும் இருந்தது. சாவித்திரிபாய் புலேயும் மருத்துவரான அவருடைய மகன் யஷ்வந்தும் பிளேக் நோயாளிகளுக்குச் சிகிச்சையளித்தார்கள். நோயுற்ற தலித் சிறுவன் ஒருவனைத் தூக்கிவந்ததில் தொற்றுக்கு ஆளாகி, 1897 மார்ச் 10 அன்று சாவித்திரிபாய் மறைந்தார். ராணுவத்தைக் கண்டு கதவடைத்த நகரம் அவருக்குக் கதவைத் திறந்தது. மக்கள் எதிர்த்தது மருத்துவத்தை அல்ல, அவமதிப்பை.

இன்று இதற்கு வாழும் சான்றாகக் கேரளம் நிற்கிறது. மார்ச் 19 அன்றே, அதாவது நாடு தழுவிய ஊரடங்குக்கு முன்பே, இடது ஜனநாயக முன்னணி அரசு 20,000 கோடி ரூபாய் திட்டத்தை அறிவித்தது. உள்ளாட்சி அமைப்புகளும் குடும்பஸ்ரீ பெண்களும் சமூகச் சமையலறைகளைத் திறந்தார்கள். வெளிமாநிலத் தொழிலாளர்களை விருந்தினர் தொழிலாளர்கள் என்று அழைத்தார்கள். முதலமைச்சர் மாலைதோறும் எண்ணிக்கையை மறைக்காமல் மக்கள் முன் வைத்தார். உடலால் விலகியிருப்போம், சமூகமாக ஒன்றியிருப்போம் என்பதே அங்கே முழக்கம். சிக்கல் இல்லாமலில்லை. மார்ச் 29 அன்று கோட்டயம் மாவட்டத்தின் பாயிப்பாட்டில் விருந்தினர் தொழிலாளர்களே ஊருக்கு அனுப்பக் கோரித் தெருவுக்கு வந்தார்கள். சோறு மட்டும் போதாது; பிள்ளை குட்டிகளின் முகத்தைக் காணும் ஏக்கமும் மனிதத் தேவையே என்பதை அது காட்டியது. ஆனால் அரசின் சொல்லும் செயலும் ஒன்றாக இருக்கும் இடத்தில், மக்கள் காய்ச்சலை மறைப்பதில்லை. தாமே முன்வந்து சொல்கிறார்கள்.

நாம் செய்ய வேண்டியவை

தோழர்களே, வரும் வாரங்களில் தொற்று இன்னும் உயரும். ரயில்களில் ஊர் திரும்பும் தொழிலாளர்கள் சொந்தக் கிராமத்தின் எல்லையிலேயே முள்வேலியைச் சந்திக்கிறார்கள். குணமடைந்து வீடு திரும்புபவரிடம் குடிநீர்க் குழாய்க்கு வராதே என்கிறார்கள். நம் கிளைகளின் முதல் பணி அங்கேதான் இருக்கிறது.

அச்சப்படும் அண்டைவீட்டாரைப் பழிக்காதீர்கள். அவரோடு பொறுமையாகப் பேசுங்கள். நோய் பரவும் விதத்தை எளிய தமிழில் விளக்குங்கள். தனிமைப்படுத்தப்பட்ட குடும்பத்தின் வாசலில் அரிசியும் மருந்தும் வைப்பதை நம் தோழர் செய்தால், தெரு அதைப் பார்க்கும். நூறு துண்டுப் பிரசுரம் செய்யாததை அந்தக் காட்சி செய்யும். முகக்கவசம் அணிந்து, இடைவெளி காத்து, நாமே முன்னுதாரணமாக இருப்போம். வகுப்புவாத வதந்தி வரும் ஒவ்வொரு வாட்ஸ்அப் குழுவிலும் மௌனம் காக்காமல் மறுப்போம்.

நிவாரணம் மட்டும் நம் வேலையல்ல. வருமான வரி செலுத்தாத ஒவ்வொரு குடும்பத்துக்கும் மாதம் 7,500 ரூபாய் வழங்கு, கிடங்கில் உள்ள தானியத்தை இலவசமாகக் கொடு, பொது மருத்துவத்தை வலுப்படுத்து, ஆஷா ஊழியருக்குப் பாதுகாப்பும் ஊதியமும் கொடு என்ற கோரிக்கைகள் நோய்த்தடுப்பின் பகுதியே. கூலி உறுதியானால் மட்டுமே தொழிலாளியால் வீட்டில் இருக்க முடியும். கோரிக்கை வைத்தால் என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு அண்மைய சான்று உண்டு. எட்டு மணி நேர வேலையைப் பன்னிரண்டாக்கிய ஆணையை, எதிர்ப்பும் வழக்கும் எழுந்ததும் உத்தரப்பிரதேச அரசு திரும்பப் பெற்றது. மே 22 அன்று மத்தியத் தொழிற்சங்கங்கள் நாடெங்கும் எதிர்ப்பு நாள் நடத்தின. முகக்கவசத்தோடும் முழக்கத்தோடும் இடைவெளிவிட்டு நின்ற அந்தத் தொழிலாளர்களின் செயலும் பெருந்தொற்றுக்கு மக்கள் ஆற்றிய எதிர்வினைதான்.

அச்சம் இயல்பானது. அதை வெறுப்பாக்க ஒரு கூட்டம் இரவு பகலாக உழைக்கிறது. அதை ஒற்றுமையாக்கும் வேலை நம்முடையது. அந்த வேலையை நாளைக் காலை நம் சொந்தத் தெருவிலிருந்தே தொடங்குவோம்.