சுவரைக் காப்பாற்றினீர்கள், பாட்டை என்ன செய்தீர்கள்?



அமைதியாகப் பேசுங்கள் என்று அழைத்தவர்கள் கேட்டுக்கொண்டார்கள். என்னால் முடியாது. 2025 ஆகஸ்ட் 19ஆம் தேதி சிங்கப்பூரின் 'புரொஜெக்டர்' திரையரங்கம் மூடப்பட்டது. 2014இல் கோல்டன் மைல் டவரில் தொடங்கிய இடம் அது. அதே கட்டடத்தில் ஒரு காலத்தில் நாம் வரிசையில் நின்று தமிழ்ப் படம் பார்த்திருக்கிறோம். பிறகு வந்த பிள்ளைகள் அங்கே படம் போட்டார்கள், ஒரு பார் வைத்தார்கள், ஊர் பேர் தெரியாத இசைக்குழுக்களை மேடை ஏற்றினார்கள். 2022இல் இதோ நம் டோபி காட் கேத்தே கட்டடத்திலும் தற்காலிகமாகக் கடை விரித்தார்கள். செய்தி வந்த அன்று ஊரே கண்ணீர் விட்டது. ஒரு வாரத்தில் கண்ணீர் காய்ந்துவிட்டது. எனக்குக் காயவில்லை.

செலவு கட்டுப்படியாகவில்லை, மக்களின் பழக்கம் மாறிவிட்டது என்று நடத்தியவர்களே சொன்னார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஒரு கடை மூடினால் வியாபாரம் என்று விட்டுவிடலாம். இந்த டோபி காட் நிலையத்தில் இறங்கி எந்தப் பக்கம் நடந்தாலும் மூடிய கதவுதான் வருகிறது என்றால் அதற்கு என்ன பெயர்?

வாருங்கள், நடந்து பார்ப்போம். முதலில் கேத்தே. 1939இல் திறந்தது. சிங்கப்பூரில் குளிர்சாதன வசதியோடு வந்த முதல் திரையரங்கம். 2003இல் அதன் முகப்பைத் தேசிய நினைவுச்சின்னம் என்று அறிவித்தார்கள். கவனியுங்கள், முகப்பை! பின்னால் இருந்ததை இடித்துக் கடைத்தொகுதி கட்டினார்கள். அதுவும் 2022இல் புதுப்பிக்கிறோம் என்று மூடப்பட்டது. முகப்பு நிற்கிறது.

அங்கிருந்து ஸ்டாம்ஃபர்ட் ரோடு. பழைய தேசிய நூலகம், 1960இல் திறந்தது, 2004இல் மூடினார்கள். சுரங்கச் சாலைக்காக இடித்தார்கள். செங்கல் தூண் இரண்டை மட்டும் விட்டுவைத்தார்கள். தூண் நிற்கிறது.

திரும்பினால் ஆர்மீனியன் ஸ்திரீட், 45ஆம் எண். சப்ஸ்டேஷன். இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் இங்கேதான் என் நெஞ்சு எரிகிறது. மின்சாரத் துணைநிலையமாகக் கிடந்த கட்டடத்தை 1990இல் கலைக்கூடமாக்கியவர் குவோ பாவ் குன். நாலரை ஆண்டுக்கு மேல் விசாரணையின்றிச் சிறையில் இருந்த மனிதர். 1988இல் பூனையைத் தேடும் அம்மாவைப் பற்றி அவர் ஒரு நாடகம் போட்டார். இந்த நாட்டின் முதல் பன்மொழி நாடகம். அதில் ஹொக்கியன் பேசும் அந்த அம்மாவும் தமிழ் பேசும் ஒரு முதியவரும் சந்திப்பார்கள். இவருக்கு அவர் மொழி தெரியாது, அவருக்கு இவர் மொழி தெரியாது. இரண்டு பேரும் பூனையைப் பற்றியே பேசிப் புரிந்துகொள்வார்கள். தமிழுக்கு மேடையில் அப்படி ஓர் இடம் கொடுத்த மனிதர் கட்டிய வீடு அது. எங்கேயும் வாசிக்க விடாத பிள்ளைகள் அதன் தோட்டத்தில் வாசித்தார்கள். காது கிழியும், ஒப்புக்கொள்கிறேன்! ஆனால் காது கிழியாமல் எந்த இளைஞன் வாசிக்கக் கற்றுக்கொண்டான்?

அப்புறம் பணம் போதவில்லை. 2005இல் அந்தத் தோட்டத்தையே ஒரு பாட்டு உணவகத்துக்கு வாடகைக்கு விட்டார்கள். வாத்துக்கறி பீட்சா நன்றாக இருந்தது, நானும் சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் கத்திப் பாடியவன் போன இடத்தில், சாப்பிடுகிறவருக்குத் தொந்தரவில்லாமல் பாடுகிறவன் வந்தான். கடைசியில் 2021. கட்டடத்தைப் புதுப்பிக்க வேண்டும், ஜூலைக்குள் காலி செய்யுங்கள், திரும்பி வரும்போது பல குழுக்களில் ஒன்றாக வாடகைக்கு வரலாம் என்றது தேசியக் கலைகள் மன்றம். முப்பது ஆண்டு அந்த வீட்டை நடத்தியவர்களை வாடகைக்கு வா என்கிறார்கள்! (கைதட்டல்) சப்ஸ்டேஷன் வெளியேறியது. முகப்பு நிற்கிறது!

இதுதான் என் வழக்கு. இளநீரைக் குடித்துவிட்டு ஓட்டைக் கொலுவில் வைக்கிறார்கள். ஓட்டுக்கு ஒரு பலகை, பலகையில் நான்கு மொழி, அதில் தமிழும் உண்டு, மகிழ்ச்சி. ஆனால் பாட்டு எங்கே? பாடினவன் எங்கே?

இது இன்று நேற்று நடப்பதல்ல. பிராஸ் பாசா ஓடையில் துணி துவைத்த சலவைத் தொழிலாளிகள், நம் மதராஸிலிருந்தும் வடக்கிலிருந்தும் வந்தவர்கள், இப்போது ஒய்எம்சிஏ இருக்கும் திடலில் துணி காயப் போட்டார்கள். அவர்கள் பேரில் மூன்று ரயில் பாதைகள் கூடும் இந்த டோபி காட் நிலையம் இருக்கிறது. அவர்கள் இல்லை.

இனி செலிகி ரோட்டுப் பக்கம் வாருங்கள். பீஸ் சென்டர் தெரியுமல்லவா? கல்யாணப் பத்திரிகை அடித்த கட்டடம். நம் வீட்டுக் கல்யாணங்களில் பாதி அங்கேதான் அச்சானது. மாடியில் கரோக்கே, கீழே ஜெராக்ஸ். 2021இல் 650 மில்லியன் வெள்ளிக்கு ஒட்டுமொத்த விற்பனையில் போனது. இடிப்பதற்கு முன்னால், 2023 ஆகஸ்ட் முதல் சில மாதங்கள், கலைஞர்களைக் கூப்பிட்டு உள்ளே விட்டார்கள். பிள்ளைகள் சுவரில் வரைந்தார்கள், பாடினார்கள், ஆடினார்கள், கூட்டம் கூட்டமாக ஜனம் வந்தது. அதைப் பார்த்தபோது இந்த நகரத்துக்கு எவ்வளவு பசி என்று தெரிந்தது. 2024 ஜனவரியில் வெளியே போ என்றார்கள். இடித்தார்கள். இப்போது அங்கே 367 வீடுகள் கொண்ட கொண்டோ வருகிறது. அதன் பெயர் என்ன தெரியுமா? 'தி கலெக்டிவ்'! கூடியிருந்தவர்களைத் துரத்திவிட்டுக் கூட்டம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்! (சிரிப்பு, கைதட்டல்)

சிரிக்காதீர்கள் ஐயா, வயிறு எரிகிறது.

நண்பர் ஒருவர் கதை. தபேலா வாசிப்பவர். தேக்கா பக்கம் ஒரு சந்தில், பெயர் வேண்டாம், சின்ன பப். வெள்ளிக்கிழமை இரவுகளில் நாலு பேர் சேர்ந்து இளையராஜா வாசிப்பார்கள். பக்கத்தில் புதுக் கட்டடம் எழுந்தது. உயிரோட்டமான வட்டாரம் என்று சொல்லி விற்றார்கள், வாங்கினார்கள். குடிவந்த சில மாதங்களில் அந்த உயிரோட்டத்தின் மீதே புகார். போலீஸ் வந்தது, மறுபடி வந்தது. முதலாளி முதலில் டிரம்ஸை எடுக்கச் சொன்னார். அப்புறம் தபேலாவை. இப்போது அங்கே தொலைக்காட்சியில் காற்பந்து ஓடுகிறது. என் நண்பர் டாக்சி ஓட்டுகிறார். கோயிலுக்குப் பக்கத்தில் வீடு வாங்கிவிட்டு மணியை நிறுத்து என்று கேட்க யாருக்காவது வாய் வருமா? தபேலா என்றால் மட்டும் ஏன் வருகிறது?

எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது? "பாட்டு வேண்டுமானால் எஸ்பிளனேட் போ" என்கிறது. 2002இல் 600 மில்லியன் வெள்ளியில் கட்டிய அரங்கம், நம் பெருமை, சரி. முதல் கச்சேரியை அங்கே எவன் செய்வான்? 1992இல் நம் பிள்ளைகள் 'ருத்ரா' என்று ஒரு மெட்டல் குழு தொடங்கி, வேதாந்தத்தை அந்த இசையில் போட்டு உலகம் சுற்றினார்கள். அப்படி ஒரு குழுவின் முதல் நாளுக்கு எந்தப் பெரிய அரங்கம் தேதி கொடுக்கும்?

இன்னொரு கூட்டம், நம்மவர்கள்தான், "குடிக்கிற இடத்துக்கு வக்காலத்தா?" என்கிறது. ஐயா, நான் எலுமிச்சைச் சாறு குடிக்கிறவன். கணக்கைப் பாருங்கள். முப்பது பேர் வரும் கச்சேரியில் டிக்கெட் காசு ஒலிபெருக்கிக்காரருக்கே போதாது. டிரம்ஸ் வாசிப்பவன் சம்பளம் பீர் விற்ற காசில்தான் வருகிறது. வாடகை ஏறினால் முதலில் வெட்டுவது அவனைத்தான். 2013 டிசம்பர் கலவரத்துக்குப் பிறகு லிட்டில் இந்தியாவில் மது விற்பனைக்கு எத்தனை கட்டுப்பாடு! கோவிட் காலத்தில் 2020 மார்ச்சிலிருந்து 2022 ஏப்ரல் வரை இரவுக் கேளிக்கை இடங்களுக்குப் பூட்டு! அதையும் தாண்டிப் பிழைத்து வந்தவனை வாடகைப் பத்திரம் கொல்கிறது.

லண்டனும் தூங்கித்தான் விழித்தது. 2007க்கும் 2015க்கும் இடையில் சிறு இசையரங்குகளில் 35 விழுக்காட்டை இழந்த பிறகு விழித்தது. இங்கிலாந்து 2018இல் திட்டமிடல் விதியை மாற்றியது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2014லேயே மாற்றியிருந்தது. விதி எளிது. பாட்டு முன்னால் இருந்தது, வீடு பின்னால் வந்தது என்றால், ஒலி தடுக்கும் கண்ணாடியும் தடித்த சுவரும் போடுவது வீடு கட்டுகிறவன் செலவு. யாரும் யாரையும் துரத்த வேண்டாம். 650 மில்லியன் கொடுத்து நிலம் வாங்குகிறவனுக்குக் கண்ணாடி வாங்க முடியாதா?

கேட்டால் கிடைக்குமா என்கிறீர்கள். 2017இல் பாலி லேன் 'புளூ ஜாஸ்' கஃபே அளவுக்கு மீறிக் கூட்டம் சேர்த்ததாகப் பொதுக் கேளிக்கை உரிமத்தை இழந்தது. ரசிகர்கள் குரல் கொடுத்தார்கள், முறையிட்டார்கள், உரிமம் திரும்பி வந்தது. வருத்தப்பட்டு உட்கார்ந்திருந்தால் வந்திருக்குமா?

ஆகவே இரண்டு வேலை. உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்கு அடுத்த வாரமே போங்கள். வீட்டுப் பிரச்சினை, பள்ளிக்கூடப் பிரச்சினையோடு இதையும் சொல்லுங்கள்: பின்னால் வந்தவர் சுவர் கட்டட்டும், இந்த விதி சிங்கப்பூருக்கும் வேண்டும். நகர மறுசீரமைப்பு ஆணையத்துக்கும் அதையே எழுதுங்கள், தமிழிலேயே எழுதுங்கள். அடுத்து, இந்த வெள்ளிக்கிழமை உங்கள் பிள்ளை எங்கேயோ வாசிக்கிறேன் என்றால் வீட்டில் உட்காராதீர்கள். போய் நுழைவுச்சீட்டு வாங்குங்கள், முன்வரிசையில் உட்காருங்கள்.