நோட்டில் டிக் இருந்தால் போதுமா?

(நமது கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில், வீட்டுப் பராமரிப்புக் கமிட்டி சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



நாம குழு ஆரம்பிச்ச புதுசுல நடந்ததைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. ஆறு மாதம் முடிந்ததும் தர மதிப்பீடு செய்ய வந்தார்கள். முதல் நாள் ராத்திரி அரிக்கேன் விளக்கில் உட்கார்ந்து தீர்மான நோட்டு, சேமிப்பு நோட்டு, கடன் நோட்டு எல்லாவற்றையும் சரிபார்த்து அடுக்கி வைத்தோம். வந்த பேங்க் மேனேஜர் என்ன செய்தார்? நோட்டைப் புரட்டிப் பார்த்து மூடி வைத்துவிட்டு, கடைசியில் சுவரோரமாக உட்கார்ந்திருந்த ஒரு உறுப்பினரைப் பார்த்து, "உங்க குழுவுல மொத்தச் சேமிப்பு எவ்வளவும்மா? போன மாசம் யாருக்குக் கடன் கொடுத்தீங்க?" என்று கேட்டார். தலைவியை வாய் திறக்க விடவில்லை. அந்த உறுப்பினர் சொன்ன பதிலில்தான் நம் குழுவின் தரம் தெரிந்தது.

இன்றைக்கு நம் வீட்டுப் பராமரிப்பு வேலையையும் அதே மாதிரி பார்க்க வேண்டும் என்று சொல்லத்தான் வந்திருக்கிறோம்.

நம் சேவை எல்லாருக்கும் தெரியும். படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவர்கள் உள்ள 14 வீடுகளுக்கு, பயிற்சி பெற்ற நம் சகோதரிகள் 4 பேர் தினமும் போகிறார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு மணி நேரம். உடம்பு துடைத்து, துணி மாற்றி, கஞ்சி ஊட்டி, டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை நேரப்படி எடுத்துக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். இதை 30 வீடாக ஆக்கலாம் என்று இந்தக் கூட்டத்தில் தீர்மானம் போடுவதாக இருந்தோம். வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் ஆறு மாதத்தில் ஒரு நாள் கூட விடுபடவில்லை. எல்லாக் கட்டத்திலும் டிக். "மிக நன்று" என்று எழுதவேண்டியதுதான் பாக்கி.

எழுதுவதற்கு முன் ஒரு வீட்டையாவது நேரில் பார்ப்போம் என்று போனோம். பாட்டிக்கு எண்பதைத் தாண்டிய வயது. "வர்ற பொண்ணு தங்கமான பொண்ணு" என்று எங்கள் கையைப் பிடித்துக்கொண்டார். மனசு நிறைந்தது. சேலை மாற்றப் பாட்டியை ஒருக்களித்துத் திருப்பியபோதுதான் வாடை வந்தது. முதுகுத்தண்டு முடிகிற இடத்தில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குப் புண். படுக்கைப் புண்.

நம் சகோதரி அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். "அக்கா, நான் ஒரு நாள் கூட லீவு போடலையே." உண்மைதான். அவர் பொய்யாக டிக் போடவில்லை. ஒரு மணி நேர வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறார். மீதி 23 மணி நேரம் பாட்டி மல்லாந்தபடியே கிடந்திருக்கிறார். மருமகள் காலை ஏழு மணிக்கு மில்லுக்குப் போய்விடுகிறார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும் என்று அந்த வீட்டில் யாருக்கும் நாம் சொல்லிக் கொடுக்கவில்லை. நம் நோட்டில் அதற்கு ஒரு கட்டமும் இல்லை. இதில் தப்பு அந்தச் சகோதரியுடையது அல்ல. நோட்டைத் தயாரித்த எங்கள் கமிட்டியுடையது. மறுநாளே செவிலியரை அழைத்துக் காட்டினோம். இப்போது புண் ஆறி வருகிறது.

அப்படியானால் தரத்தை எப்படிப் பார்ப்பது? லெபனான் நாட்டில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராக இருந்த அவேதிஸ் டோனாபீடியன் என்ற மருத்துவர் 1966-ல் இதற்கு ஒரு வழி எழுதினார். எதை வைத்துச் செய்கிறோம், எப்படிச் செய்கிறோம், செய்ததால் என்ன ஆனது என்று மூன்றையும் பார்க்கச் சொன்னார். நம்ம பாஷையில் சொன்னால் சமையல் மாதிரிங்க. அரிசி பருப்பு சரியா, பாத்திரம் சுத்தமா என்பது ஒன்று. பக்குவமாகச் சமைத்தோமா என்பது இரண்டு. சாப்பிட்டவருக்கு வயிறு நிறைந்ததா என்பது மூன்று. நாம் இதுவரை ஆள் போனாரா, வேலை முடிந்ததா என்று மட்டுமே பார்த்தோம். சாப்பிட்டவரைப் பார்க்கவில்லை.

இனி ஒவ்வொரு வீட்டிலும் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியவை:

1. தோல். குதிகால், இடுப்பு எலும்பு, முதுகுத்தண்டின் அடி, தோள்பட்டை, முழங்கை, பின்னந்தலை ஆகிய இடங்களைத் தினமும் பார்க்கணும். புண் வருவதற்கு முன் தோல் சிவக்கும் என்பார்கள். நம்ம கறுத்த தோலில் சிவப்பு சட்டுன்னு தெரியாது. சுற்றியுள்ள இடத்தை விடக் கறுத்தோ, சூடாகவோ, கெட்டியாகவோ இருந்தால் அதுவே எச்சரிக்கை. அந்த இடத்தைத் தேய்த்துவிடக் கூடாது. அதன் மேல் பாரம் படாமல் பக்கம் மாற்றிவிட்டு, செவிலியருக்குச் சொல்ல வேண்டும்.

2. சாப்பாடும் தண்ணீரும். உட்கார வைத்து ஊட்டுகிறோமா? படுக்க வைத்து ஊட்டினால் புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும். வாய் காய்ந்திருக்கிறதா? சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால் பெரும்பாலும் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். படுக்கை நனையும் என்று பயந்து தண்ணீரைக் குறைக்கும் வீடுகள் உண்டு. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

3. வலி. "வலிக்குதா?" என்றால் "பரவாயில்லம்மா" என்றுதான் சொல்வார்கள். பத்து விரலைக் காட்டி, "இதுல எத்தனை விரல் அளவு வலிக்குது?" என்று கேளுங்கள். பேச முடியாதவர்களுக்குத் திருப்பும்போது முகம் சுளிக்கிறதா, முனகுகிறார்களா என்று பாருங்கள்.

4. கை. வீட்டுக்குள் போனதும், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறோமா?

5. மானம். உடம்பு துடைக்கும்போது கதவைச் சாத்துகிறோமா? அந்த வீட்டுக் கதையை அடுத்த வீட்டில் பேசாமல் இருக்கிறோமா?

6. வீட்டார். மீதி 23 மணி நேரத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று மருமகளுக்கோ, பக்கத்து வீட்டுக்காரருக்கோ சொல்லிக் கொடுத்திருக்கிறோமா?

யார் போய்ப் பார்ப்பது? அந்த வீட்டுக்குப் போகும் சகோதரியின் குழுவைச் சேர்ந்தவர் வேண்டாம், சொந்தக்காரரும் வேண்டாம். வேறு குழுவிலிருந்து இரண்டு பேர். மாதம் 5 வீடு, எந்த வீடு என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுப்போம். முன்கூட்டிச் சொல்லாமல் போவோம், ஆனால் வாசலில் நின்று "வரலாமா" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவோம். முடிந்தவரை பெரியவரிடம் தனியாகப் பேசுவோம். திருப்பூரில் இருக்கும் மகன், "நல்லாப் பாத்துக்கிறாங்க" என்று போனில் சொல்வார். தொந்தரவு இல்லாததால் அவருக்குத் திருப்தி. கட்டிலில் கிடப்பவரின் திருப்தி வேறு.

இன்னொன்று. இதற்குச் சதவீதம் போட வேண்டாம். 14-ல் 13 வீடு நன்றாக இருந்தால் 93 சதவீதம் என்று கைதட்டத் தோன்றும். அந்த மீதி ஒன்றுதான் நாம் பார்த்த பாட்டி.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறோம். புண்ணையோ தவறையோ கண்டுபிடித்துச் சொல்லும் சகோதரியைத் திட்டக் கூடாது, சம்பளத்தில் கை வைக்கக் கூடாது. திட்டினால் அடுத்த முறை மறைப்பார்கள். மறைத்தால் கஷ்டப்படுவது படுத்திருப்பவர். அதேபோல வேலை செய்பவரின் நிலையையும் பார்க்க வேண்டும். நாலு வீடு நடந்து போய், ஆளைத் தூக்கித் திருப்பி, இடுப்பு வலியோடு ஐந்தாவது வீட்டுக்குப் போனால் அங்கே பொறுமை எங்கிருந்து வரும்?

இந்த வேலை நம்மால் முடியும் என்பதில் சந்தேகம் இல்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியபோது, வீடு வீடாகப் போய் பிரஷரும் சுகரும் பார்க்க வந்தவர்கள் நம்மைப் போன்ற குழுப் பெண்கள்தான்.

ஆனாலும், 30 வீடு என்ற தீர்மானத்தை மூன்று மாதம் தள்ளிவைக்க வேண்டும் என்று எங்கள் கமிட்டி கேட்டுக்கொள்கிறது. இது கஷ்டமான முடிவு. 16 குடும்பங்கள் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். பயிற்சி முடித்த சகோதரிகள் வேலைக்குக் காத்திருக்கிறார்கள். கமிட்டியிலேயே எல்லாருக்கும் இதில் சம்மதம் இல்லை. "கொஞ்சமாவது கிடைக்கட்டுமே" என்ற பேச்சிலும் நியாயம் இருக்கிறது. அதனால் காத்திருக்கும் 16 வீட்டாருக்கும் பக்கம் மாற்றிப் படுக்க வைப்பது, ஊட்டுவது, தோல் பார்ப்பது ஆகியவற்றை இந்த மாதமே இலவசமாகச் சொல்லிக் கொடுப்போம். 14 வீட்டையும் மூன்று மாதம் கட்டிலோரம் நின்று பார்த்துவிட்டு, பார்த்ததை ஒளிக்காமல் இதே கூட்டத்தில் வைக்கிறோம். அதன்பிறகு நீங்களே முடிவு சொல்லுங்க.

சகோதரிகளே, இன்றைக்கு நாம் நின்று பார்க்கும் அந்தக் கட்டிலில் ஒருநாள் நாமும் படுக்க வேண்டியிருக்கும். அன்றைக்கு நம்மைப் பார்க்க வருகிறவர் நோட்டில் டிக் போட்டுவிட்டுப் போனால் போதுமா, நம்மைத் திருப்பிப் பார்க்க வேண்டாமா? அதை மனசில் வைத்துக் கை தூக்குங்க.