அளவுகோலைப் பார்த்து ஒரு சிரிப்பு

(உதகைக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



மலையை அளந்தான் வெள்ளையன். தன் உடைமை என்று எழுதிக்கொண்டான். காட்டை அளந்தான், தேயிலைத் தோட்டமாக்கினான். அத்தோடு நின்றானா? மலைமக்களின் மண்டையையும் அளந்தான்!

1873-ஆம் ஆண்டில் இலண்டனில் ஒரு நூல் வெளிவந்தது. எழுதியவர் கர்னல் மார்ஷல். தோடர்களின் மண்டை மேடுபள்ளத்தைக் கொண்டே அவர்தம் குணத்தைக் கண்டுவிடலாம் என நம்பியவர் அவர். பின்னர் வந்தார், சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன். 1909-இல் ஏழு தொகுதிகளில் தென்னாட்டு மக்களைச் சாதிவாரியாக, மூக்களவு உட்பட, அடுக்கி வைத்தார்.

மண்டையியல் பொய்யென்று உலகம் தள்ளிவிட்டது. ஆனால், அந்நாளைய படங்கள் தந்த பார்வை போயிற்றா?

அதற்கு விடை கேலியாக வந்தது, தோழர்களே! பெங்களூருக் கலைஞர் புஷ்பமாலா, ஒளிப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியுடன் சேர்ந்து, 2000 முதல் 2004 வரை ஒரு படவரிசை படைத்தார். 'தென்னிந்திய நாட்டுப் பெண்கள்: நடையுடை பாவனைகள்' என்பது அதன் தலைப்பின் பொருள். வெள்ளையர் நூல்களின் தலைப்பையே எடுத்து அவர்கள் மீதே வீசினார்! அதில் அவரே இலட்சுமி. அவரே இரவிவர்மாவின் நிலவொளி நங்கை. அவரே அளவுக் கட்டத் திரையின் முன் நிற்கும் தோடப் பெண். ஒரே பெண் இத்தனை 'வகை'யானால், வகை பிரித்தவனின் அறிவியல் என்னாவது? அளக்கப்படுபவளே படத்தை அமைத்தாள்; அளவுகோல் நகைப்புக்கிடமாயிற்று.

ஆயினும், ஒன்றை மறைக்க மாட்டேன். தோட வேடம் புனைந்தவர் தோடரல்லர். அந்தச் சிரிப்பு பாதி வேலையைத்தான் முடித்தது. மறுபாதி மலைமக்கள் கையில் இருக்கிறது. கோத்தகிரி வட்டாரத்துக் குறும்பர், வேங்கைப் பிசினின் வண்ணத்தால், தேனெடுப்பதையும் தம் ஊர் வாழ்வையும் தாமே தீட்டுகின்றனர். அங்கே அளப்பவனுக்கு இடமில்லை. காண வருபவன் அவர்கள் காட்டுவதைத்தான் காண வேண்டும்.

நாம் என்ன செய்கிறோம்? தலைவர் வருகிறார் என்றால் பழங்குடி மக்களை ஊர்வலத்தின் முன்னே ஆடச் சொல்கிறோம். ஆட்டம் முடிந்ததும் மேடையில் அவர்களுக்கு நாற்காலி உண்டா? பேச ஒலிபெருக்கி உண்டா? வன உரிமைச் சட்டம் 2006-இல் நிறைவேறியது. அதன்படி பட்டா கேட்டு அலைபவருடன் எத்தனை நாள் நடந்தோம்?

வெள்ளையன் போய்விட்டான். அவன் போட்டுச் சென்ற அளவுகோல் நம் கையில் இருக்குமானால், அடுத்த கேலிப்படம் நம்மைப் பற்றியதாகவே இருக்கும். அதற்குமுன் அந்தக் கோலை முறித்தெறிவோம்!