செம்பனை டீசலால் புகை குறையுமா?



தோட்டத்தில் வெட்டும் செம்பனைக் குலை ஆலைக்குச் சென்று எண்ணெயாகிறது என்பது நம் வீட்டுச் சிறுவர்க்கும் தெரியும். அந்த எண்ணெயில் ஒரு பகுதி, குலை ஏற்றும் லோரிக்கே எரிபொருளாகத் திரும்பி வருகிறது. மலேசியாவில் போக்குவரத்துக்கான டீசலில் நூற்றுக்குப் பத்துப் பங்கு செம்பனை டீசல் கலக்க வேண்டும் என்ற விதி 2019-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. "இனிப் புகையால் கெடுதல் இல்லை, நம் சமையல் எண்ணெய்தானே எரிகிறது!" என்று சொல்வோர் உண்டு. அது உண்மைதானா? இன்று அதைப் பார்ப்போம்.

முதலில், புகை எப்படி உண்டாகிறது? டீசல் எஞ்சினுக்குள் காற்று மிகவும் அழுத்தப்பட்டுக் கடுஞ்சூடாகிறது. அதில் டீசலைத் தூறலாகப் பீச்சியதும் அது தானே பற்றிக்கொள்கிறது. தூறலின் நடுவே காற்றுப் போதாத இடத்தில் எரிபொருள் அரைகுறையாக எரிந்து கரித்துகளாகிறது. அடுப்பில் விறகை நெருக்கித் திணித்தால் புகை மண்டிப் பானையில் கரி படிகிறதல்லவா? அதே கதைதான்.

புகைபோக்கி வழியே வரும் தீங்குகள் முக்கியமாக நான்கு. ஒன்று, கரித்துகள். இரண்டு, நிறமும் மணமும் இல்லாத நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு. மூன்று, எரியாமல் தப்பிய எரிபொருளின் ஆவி. நான்கு, நைட்ரஜன் ஆக்சைடுகள். காற்றிலுள்ள நைட்ரஜன் எஞ்சினின் கடுஞ்சூட்டில் ஆக்சிஜனுடன் சேர்வதால் இவை பிறக்கின்றன, மூச்சுக்குழாயை எரிச்சலூட்டுகின்றன.

இனிச் செம்பனை டீசலுக்கு வருவோம். செம்பனை எண்ணெயை மெத்தனால் என்னும் சாராயத்துடன் வினைபுரியச் செய்து, கிளிசரினைப் பிரித்தெடுத்தால் நீர்த்த எரிபொருள் ஒன்று கிடைக்கிறது. அதுவே செம்பனை டீசல். மலேசியச் செம்பனை எண்ணெய் ஆய்வுக் கழகம் 1980-களிலேயே இதைத் தயாரித்துப் பேருந்துகளில் ஓட்டிச் சோதித்தது. இதன் எடையில் நூற்றுக்குப் பதினொரு பங்கு அளவுக்கு ஆக்சிஜன் அடங்கியிருக்கிறது. பெட்ரோலிய டீசலில் ஆக்சிஜன் இல்லை என்றே சொல்லலாம். ஆகவே தூறலின் நடுவே காற்று எட்டாத இடத்திலும் எரிய வழி பிறக்கிறது, கரி குறைகிறது.

எவ்வளவு குறைகிறது? கனரக எஞ்சின்களில் நடந்த பல சோதனைகளைத் தொகுத்து, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 2002-ஆம் ஆண்டில் ஒரு கணக்கு வெளியிட்டது. அவற்றில் பெரும்பாலானவை சோயா எண்ணெய் டீசலைக் கொண்டவை. இருபது பங்கு தாவர டீசல் கலந்தபோது கரித்துகள் சுமார் 10 விழுக்காடும், கார்பன் மோனாக்சைடு 11 விழுக்காடும், எரியாத ஆவி 21 விழுக்காடும் குறைந்தன. நைட்ரஜன் ஆக்சைடுகளோ 2 விழுக்காடு கூடின. கலப்பே இல்லாத தாவர டீசலில் கரித்துகள் ஏறக்குறையப் பாதியாகியது; நைட்ரஜன் ஆக்சைடுகள் 10 விழுக்காடு கூடின. செம்பனை டீசல் சோயா டீசலைவிட விரைவில் பற்றும் தன்மையுடையது. அதனால் இந்தக் கூடுதல் அதில் குறைவாகவே இருக்கும்.

நேயர்களே, கணக்கை நன்றாகக் கவனியுங்கள். பத்துப் பங்கு கலந்தால் மீதித் தொண்ணூறு பங்கு பழைய டீசலே! புகை சற்றுக் குறையலாம், நஞ்சு நீங்கிவிடாது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-ஆம் ஆண்டில் அறிவித்தது. தாவர டீசல் மிகுந்த புகையில் பலகாரம் பொரிக்கும் வாசனை வரும். வாசனையை நம்பி ஏமாறக் கூடாது.

அப்படியானால் நாம் செய்ய வேண்டியது என்ன?

தாய்மார்களே, மின்சாரம் தடைப்பட்டால் ஓட்டும் ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ, சமையற்கட்டிலோ, சன்னலருகிலோ ஒருபோதும் வைக்காதீர்கள். எந்த எண்ணெயில் ஓடினாலும் அதன் புகை தூக்கத்திலேயே உயிரைப் பறிக்கும்.

ஆயாக்கொட்டகைக்கும் பள்ளிக்கும் முன்னால் லோரியையோ டிராக்டரையோ நிறுத்தினால் எஞ்சினை அணைத்துவிட வேண்டும். சிறு குழந்தைகளின் நுரையீரல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது.

ஓட்டுநர் தோழர்களே, கரும்புகை தொடர்ந்து வந்தால் காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம், எண்ணெய் பீச்சும் குழாய்முனை தேய்ந்திருக்கலாம், பாரம் மிகுந்திருக்கலாம். நீலப் புகை வந்தால் மசகெண்ணெய் எரிகிறது என்று பொருள். உடனே பட்டறையில் சொல்லுங்கள். எஞ்சினும் பிழைக்கும், உங்கள் நெஞ்சும் பிழைக்கும். தாவர டீசல் பழைய தொட்டியில் படிந்த கசடைக் கரைத்துக்கொண்டு வரும். ஆதலால் அதற்கு மாறிய புதிதில் எண்ணெய் வடிகட்டியை முன்னதாகவே மாற்ற வேண்டும். தொட்டியில் தண்ணீர் சேரவும் விடக் கூடாது.

இன்னொன்று. பொரித்து மிஞ்சிய எண்ணெயை அப்படியே டீசல் தொட்டியில் ஊற்றாதீர்கள். அது கெட்டியானது, சரியாகத் தூறாமல் கரியைப் பெருக்கி எஞ்சினைக் கெடுக்கும்.

நம் உழைப்பில் விளைந்த குலை எரிபொருளாவது நமக்குப் பெருமையே. அந்தப் பெருமையோடு எச்சரிக்கையும் சேரட்டும். புகை எந்த எண்ணெயிலிருந்து வந்தாலும் பிள்ளைகளை அதற்கு எட்ட வைப்பதே நம் கடமை.