ஆறாத கால் புண்ணும் நரம்புத் துடிப்பும்

பாசிர் கூடாங் தொழிற்சாலைகளில் நாள் முழுதும் நின்றே வேலை செய்தவர்களில் சிலருக்கு, வயதான காலத்தில் கணுக்காலின் உள்பக்கம் புண் வருகிறது. முதலில் தோல் கறுக்கும், அரிக்கும். சொறிந்த இடம் ஆறாது. காப்பித்தூள், மஞ்சள் எல்லாம் பூசிப் பார்த்து, மாதங்கள் கழித்தே மருத்துவரிடம் வருவார்கள். கோளாறு தோலில் இல்லை, இரத்த நாளத்தில்.

காலில் இறங்கிய இரத்தத்தை மேலே தள்ளுவது கெண்டைக்கால் தசை. நடக்கும்போது அது பிழிகிறது. நாளத்தின் சிறு கதவுகள் இரத்தம் திரும்பக் கீழிறங்காமல் தடுக்கின்றன. கதவு கெட்டால் இரத்தம் தேங்கும். இதற்கு இறுக்கக் கட்டுதான் முதல் சிகிச்சை. ஆனால் மூட்டுவலியால் நாற்காலியே கதியென்று இருக்கும் பாட்டிக்குத் தசை எப்படிப் பிழியும்?

முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்க எலும்பு முனையைச் சுற்றி ஒரு நரம்பு ஓடுகிறது. அதன்மேல் கைக்கடிகாரம் போன்ற சிறு கருவியை ஒட்டினால் நொடிக்கொரு மெல்லிய மின்துடிப்பு. பாதம் தானாகத் துள்ளும், தசை பிழியும். 2023இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், கட்டோடு இக்கருவியும் அணிந்தவர்களுக்குப் புண் ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் சுருங்கியது. சிறிய ஆய்வுதான்; கட்டைக் கழற்றிவிடலாம் என்று பொருளல்ல.

இனிப்புநீர் உள்ளவர்களுக்குத் தமனி அடைபட்டும் புண் வரலாம். 2019 தேசிய ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. தமனி அடைப்புள்ள காலை இறுக்கிக் கட்டுவது ஆபத்து. ஆகவே முதலில் கணுக்காலிலும் கையிலும் இரத்த அழுத்தம் அளந்து ஒப்பிட வேண்டும். இதயமுடுக்கி பொருத்தியிருப்பவர்கள் கருவியை ஒட்டுவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.